கூடைப்பந்து வர்ணனையில் இன முத்திரை: நீங்களே கண்டுபிடிப்பது எப்படி

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தை, அதிலும் மார்ச் மாத என்சிஏஏ (கல்லூரி விளையாட்டுச் சங்கம்) ஆட்டங்களைப் பார்ப்பவர்கள் இதைக் கேட்டிருப்பீர்கள். கறுப்பின வீரர் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிப்போய்க் கூடையில் போட்டால் "என்ன வேகம், பிறவி அத்லெட்" என்பார்கள். வெள்ளையின வீரர் அதையே செய்தால் "பந்து எங்கே வரும் என்று முன்பே கணித்துவிட்டார், ஜிம்மே கதி என்று கிடப்பவர், களத்தில் இன்னொரு கோச்" என்பார்கள். இரண்டுமே பாராட்டு என்பதால் யாருக்கும் உறுத்துவதில்லை. ஆனால் ஒன்று உடம்புக்குப் போகிறது, மற்றது மூளைக்கும் உழைப்புக்கும் போகிறது. வருடக்கணக்கில் விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்த ஒரு பையனிடம் "உனக்கு இது பிறவியிலேயே வந்தது" என்று சொல்வது, பாராட்டிக்கொண்டே அவன் உழைப்பைப் பிடுங்கிக்கொள்வதுதான். இதை உணர்ச்சிவசப்படாமல், கையில் ஆதாரத்தோடு பிடிக்க ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

1. முழு ஆட்டத்தை எடுங்கள்
ஹைலைட்ஸ் வேண்டாம், அதில் டங்க் (எம்பிக் குதித்துப் பந்தைக் கூடைக்குள் திணிப்பது) மட்டும்தான் மிஞ்சும். இரண்டு அணியிலும் பல இனத்தவர் கணிசமான நேரம் ஆடியிருக்க வேண்டும்.

2. கட்டம் போடுங்கள்
உடல், மூளை, உழைப்பு, குணம், குடும்பப் பின்னணி என்று ஐந்து பத்திகள். வேகம், உயரம், குதிப்பது எல்லாம் உடலில் போகும். ஆவேசம், திமிர், நிதானம், தலைமைப் பண்பு எல்லாம் குணத்தில். பின்னணியை விட்டுவிடாதீர்கள், யாருடைய வறுமை திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது என்பது அங்கேதான் தெரியும்.

3. முதலில் பார்க்காமல் கேளுங்கள்
திரையை மூடிவிட்டு, வர்ணனையாளர் யாரைப் பற்றி என்ன சொன்னார் என்பதை மட்டும், நிமிடக் கணக்கோடு எழுதுங்கள். இந்தப் படி ஏன் முக்கியம் என்றால், முகம் தெரிந்ததும் நம் காதே மாறிவிடுகிறது. 1997-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எல்லோருக்கும் ஒரே கல்லூரி ஆட்டத்தின் வானொலி வர்ணனையைப் போட்டுக் காட்டி, ஒரே வீரரைப் பற்றிச் சிலரிடம் அவர் கறுப்பர் என்றும், சிலரிடம் வெள்ளையர் என்றும் நம்ப வைத்தார்கள். கறுப்பர் என்று நினைத்தவர்கள் அவருக்கு உடல் திறனில் அதிக மதிப்பெண் கொடுத்தார்கள். வெள்ளையர் என்று நினைத்தவர்கள் ஆட்ட அறிவிலும் முனைப்பிலும் அதிகம் கொடுத்தார்கள். கேட்டது ஒரே ஒலிநாடா!

4. அப்புறம் இனத்தைக் குறியுங்கள்
பெயரையும் படத்தையும் வைத்து ஊகிக்காதீர்கள். வீரர் தன்னைப் பற்றிச் சொல்லியிருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் "தெரியவில்லை" என்று விடுங்கள். கறுப்பு, வெள்ளை என்று இரண்டே பெட்டியும் போடாதீர்கள். 2010 வரை ஹார்வர்டில் ஆடிய, தைவான் வம்சாவளியைச் சேர்ந்த ஜெரமி லின்னை "பார்த்தால் தெரியாது, ஆனால் வேகமானவர்" என்ற தொனியில் பாராட்டினார்கள். ஏன் பார்த்தால் தெரியாது? ஆசிய முகத்தில் யாரும் வேகத்தை எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

5. ஒத்தவரோடு ஒத்தவரை ஒப்பிடுங்கள்
புதியவர்கள் சறுக்கும் இடம் இது. பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டை யாராக இருந்தாலும் புத்திசாலி என்பார்கள், கூடைக்கு அருகில் ஆடும் உயரமான சென்டரை யாராக இருந்தாலும் பலசாலி என்பார்கள். அதனால் கார்டை கார்டோடு, சென்டரை சென்டரோடு வையுங்கள், ஆடிய நிமிடங்களையும் பக்கத்தில் எழுதுங்கள்.

6. ஆளை மாற்றிப் பாருங்கள்
இதையே வேறு இனத்தவர் செய்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று கேளுங்கள். வர்ணனை முடிந்தாலும் விவகாரம் முடிவதில்லை, மறுநாள் தலைப்புகளும் உண்டு. 2023 மகளிர் தொடரில் அயோவாவின் வெள்ளையின வீராங்கனை கெய்ட்லின் கிளார்க், லூயிவில் அணிக்கு எதிராக முகத்துக்கு முன் கையை ஆட்டி "என்னை உன்னால் பார்க்க முடியாது" என்று சைகை செய்தார், தன்னம்பிக்கை என்று ரசித்தார்கள். சில நாட்களில் இறுதிப் போட்டியில் எல்எஸ்யூ (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) அயோவாவை 102–85 என்று ஜெயித்தபோது, அந்த அணியின் கறுப்பின வீராங்கனை ஏஞ்சல் ரீஸ் அதே சைகையை கிளார்க்கைப் பார்த்துச் செய்தார். உடனே பண்பில்லாதவர் என்று பாய்ந்தார்கள். ஆட்டம் முடிந்த நேரத்தில் எதிராளியின் முகத்துக்கு நேரே செய்தாரே என்று சொல்பவர்கள் உண்டு, அதையும் நோட்டில் எழுதுங்கள். ஆனால் ரீஸைக் குறை சொல்லக் கூடாது என்று கிளார்க்கே சொன்னார் என்பதையும் எழுதுங்கள். மறுவருடம் யூசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழக அணி)–எல்எஸ்யூ ஆட்டத்துக்கு முன் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸில் வந்த பத்தி, எல்எஸ்யூ பெண்களை வில்லிகளாகவே வர்ணித்தது. எதிர்ப்பு வந்த பிறகு சில வரிகளை நீக்கினார்கள், எழுதியவர் மன்னிப்பும் கேட்டார்.

7. களத்தில் நடந்ததோடு சரிபாருங்கள்
1966 என்சிஏஏ இறுதிப் போட்டியில் ஐந்து கறுப்பின வீரர்களை முதலில் இறக்கிய டெக்சஸ் வெஸ்டர்ன், முழுக்க வெள்ளையர்கள் கொண்ட கென்டக்கியை 72–65 என்று வென்றது. கறுப்பர்கள் அணி என்றால் கட்டுப்பாடில்லாமல் ஓடி எறிவார்கள் என்ற எண்ணம் அன்று சர்வசாதாரணம். உண்மையில் கோச் டான் ஹாஸ்கின்ஸின் அந்த டெக்சஸ் வெஸ்டர்ன் அணி நிதானமாக, தடுப்பாட்டத்தை நம்பி ஆடியது. வேகமாக ஓடும் அணி என்று பெயர் வாங்கியது கென்டக்கி. உங்கள் நோட்டிலும் இதைச் செய்யுங்கள்: "வேகம்" என்று சொன்ன இடத்தில் வீடியோவை ஓட்டிப் பாருங்கள். பல நேரம் அங்கே வேகமே இருக்காது, தடுப்பவரின் காலடியைப் பார்த்து அரை நொடி காத்திருந்த ஒரு ஆட்டக்காரர் இருப்பார்.

ஒரு ஆட்டத்தை வைத்து எந்த வர்ணனையாளர் மீதும் முத்திரை குத்தாதீர்கள். அதே ஆளின் நாலைந்து ஆட்டங்களையாவது கேட்டுவிட்டு, நிமிடக் கணக்கோடு அந்தச் சேனலுக்கு எழுதி அனுப்புங்கள்.