டெல்லியில் டிடெய்ன் ஆனால்: தமிழ்நாட்டுப் பிள்ளைகள் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியவை

டெல்லியில் படிக்கிற, தேர்வுக்குத் தயாராகிற தமிழ்நாட்டுப் பிள்ளைகள் போராட்டத்துக்குப் போய், போலீஸ் பிடித்து வைத்தால் (டிடெய்ன்), உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இல்லாத மூன்று தொல்லைகள் கூடவே வரும். ஆதாரில் இருப்பது ஊர் முகவரி. ஸ்டேஷனில் நீட்டுகிற தாள் இந்தியில் இருக்கும். ஜாமீன் போட ஆள் இருக்காது. சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்வதைவிட, இந்த மூன்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சரிசெய்வது அதிகம் உதவும்.

2020 டெல்லிக் கலவர வழக்கில் மூன்று மாணவர்களுக்கு 2021 ஜூன் 15 அன்று உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. ஆனால் அவர்கள் வெளியே வந்தது 17-ஆம் தேதிதான். வெளிமாநில முகவரிகளையும் ஜாமீன்தாரர்களையும் சரிபார்க்க வேண்டும் என்று போலீஸ் அவகாசம் கேட்டிருந்தது.

முகவரியும் ஜாமீன்தாரரும்

பி.ஜி.யில் இருந்தாலும் பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் ஒன்றை எழுதி வாங்குங்கள். உரிமையாளர் டெனன்ட் வெரிஃபிகேஷன் (வாடகைக்கு இருப்பவர் பற்றிப் போலீஸில் தரும் படிவம்) கொடுத்திருந்தால் அதன் நகலும் வேண்டும். சிறிய வழக்குகளில் போலீஸ் நேராகக் கைது செய்யாமல், பி.என்.எஸ்.எஸ். (பழைய சி.ஆர்.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 35(3)-இன் கீழ் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் அனுப்பும். அது நீங்கள் காலி செய்துவிட்ட முனிர்க்கா அறைக்குப் போய்ச் சேர்ந்தால், நீங்கள் வரவில்லை என்பதே கைதுக்குக் காரணமாகிவிடும். இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. அதற்காக வந்த செய்தியைப் பார்க்காததுபோல் இருந்துவிடாதீர்கள். வக்கீலிடம் காட்டி, அவர் மூலமாகவே எழுத்தில் பதில் கொடுங்கள்.

ஜாமீன்தாரர் இரண்டு பேரையாவது இப்போதே கேட்டு வையுங்கள். ஆர்.கே.புரத்திலோ மயூர் விஹாரிலோ இருக்கிற சித்தப்பா மத்திய அரசு ஊழியராக இருந்தால் தயங்கலாம். அந்தத் தயக்கம் கைதான அன்று தெரியவருவதைவிட இன்று தெரிவது மேல். அவர்களிடம் ஆதார், சம்பளச் சீட்டு, வண்டியின் ஆர்.சி. அல்லது ஃபிக்ஸட் டெபாசிட் ரசீது, இரண்டு பாஸ்போர்ட் அளவு போட்டோ இருக்க வேண்டும். நகல் மட்டும் போதாது, அசலையும் கோர்ட்டில் கேட்பார்கள். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. சொந்த மாவட்டத்து ஜாமீன்தாரரையே கேட்டால், சாந்தினி சவுக்கில் கைதாகும் தமிழரோ மலையாளியோ என்ன செய்வார் என்று 1978-லேயே மோதி ராம் வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் கேட்டுவிட்டார். உள்ளூர் ஜாமீன் நிபந்தனை வேண்டாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் யோசனை சொன்னது. இருந்தும் கீழ்க்கோர்ட்டில் உள்ளூர் ஆள் நின்றால் வேலை அன்றே முடியும். இல்லாவிட்டால் வாதாட வேண்டியிருக்கும்.

நம்பகமான வக்கீல் கிடைத்துவிட்டால், கையெழுத்திட்ட வக்காலத்துத் தாளை (உங்களுக்காக வாதாட அவருக்கு அதிகாரம் தரும் தாள்) முன்னதாகவே அவரிடம் கொடுத்து வைக்கலாம். வக்கீலே தெரியாதவர்களுக்கு இலவச சட்ட உதவி எண் 15100.

போகிற நாள்

தனியாகப் போகாதீர்கள். அதைவிட முக்கியம், போகாத ஒருவர் வெளியே இருக்க வேண்டும். அவரிடம் ஒவ்வொருவரின் ஆதாரில் உள்ளபடியான பெயர், அப்பா பெயர், அறை முகவரி, சாப்பிடும் மாத்திரை, வக்கீல் எண் எல்லாம் ஒரு தாளில் இருக்கட்டும். ஊரில் யாருக்கு, எப்போது, என்ன சொல்வது என்பதையும் எழுதிக் கொடுங்கள். அம்மாவுக்கு டி.வி.யைப் பார்த்துத் தெரியக் கூடாது.

குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான போராட்டம் நடந்த 2019 டிசம்பர் 19 அன்று டெல்லியின் சில பகுதிகளில் இன்டர்நெட்டோடு போன் அழைப்பும் எஸ்.எம்.எஸ்.ஸும் நிறுத்தப்பட்டன, பல மெட்ரோ நிலையங்கள் மூடப்பட்டன. செங்கோட்டை அருகே பிடிக்கப்பட்டவர்களை நகரின் வடமேற்கு ஓரத்துப் பவானாவில் உள்ள ஸ்டேடியம் வரை கொண்டுபோனார்கள். எனவே இரண்டு எண்களைக் கையில் அழியாத பேனாவால் எழுதுங்கள். நடந்தே வெளியேறும் வழி ஒன்றைப் பார்த்து வையுங்கள். பஸ்ஸில் ஏற்றியதும் பஸ் எண், நேரம், எத்தனை பேர் என்று ஒரே வரியில், வெளியே இருக்கும் அந்த நண்பருக்கு அனுப்புங்கள். போகிற ஸ்டேஷன் பெயரை வழியிலேயே கேட்டுச் சொல்லுங்கள்.

போனில் விரல்ரேகையையும் முகத்திறப்பையும் அணைத்துவிட்டு, எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான பாஸ்வேர்டு வையுங்கள். பூட்டிய திரையில் மெசேஜ் தெரியக் கூடாது. சிக்னல் செயலியில் மெசேஜ் தானாக மறையும் வசதியைப் போடுங்கள். பிடிபடுவோம் என்று தோன்றினால் போனைச் சுவிட்ச் ஆஃப் செய்வது வெறுமனே பூட்டுவதைவிடப் பாதுகாப்பு. அழிக்க வேண்டியதை அழிப்பதெல்லாம் போவதற்கு முன்போடு சரி. நோட்டீஸ் வந்தபின் அழித்தால் சாட்சியம் அழித்த வழக்கு தனியாக வரும். *#06# அழுத்தினால் வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணை (அந்தப் போனின் அடையாள எண்) அறையில் எழுதி வையுங்கள்.

டெல்லியில் போராட்டங்கள் வழக்கமாக நடக்கும் ஜந்தர் மந்தரில் தமிழக விவசாயிகள் மாதக்கணக்கில் உட்கார்ந்தது 2017-ல். அந்த அக்டோபரில் பசுமைத் தீர்ப்பாயம் அங்கே போராடத் தடை போட்டது. 2018 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது, ஆனால் முன்அனுமதி கட்டாயம். அனுமதி இல்லாத கூட்டத்தில் தடையுத்தரவை மீறியதற்கு பி.என்.எஸ். (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) பிரிவு 223 வரும், அது சின்ன வழக்கு. தடுப்பைத் தள்ளும்போது ஒரு காவலர்மேல் கை பட்டால் அரசு ஊழியரைத் தாக்கியதற்கான பிரிவு 132 ஆகிவிடும், அதில் ஜாமீன் கோர்ட்டில்தான். தடுப்புக்கு அருகே முன்வரிசையில் நிற்பதா என்பதை இந்த வித்தியாசத்தை வைத்து முடிவு செய்யுங்கள்.

ஸ்டேஷனுக்குள்

முதல் கேள்வி: "கிரஃப்தாரி ஹை யா டிடென்ஷன்?" (கைதா, வெறுமனே பிடித்து வைப்பதா?) டிடென்ஷன் என்றால் பெரும்பாலும் மாலைக்குள் விட்டுவிடுவார்கள், எப்படியும் 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கைது என்றால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்; அரெஸ்ட் மெமோ (கைதுக் குறிப்பு) கேளுங்கள். அதில் நேரமும் இடமும் சரியாக இருக்கின்றனவா பாருங்கள். பஸ்ஸில் ஏற்றிய நேரத்துக்குப் பதிலாக ராத்திரி பதிவு செய்த நேரத்தைப் போட்டால் அந்த 24 மணிக் கணக்கு தள்ளிப் போய்விடும். மெமோவில் குடும்பத்தார் அல்லது அந்தப் பகுதியின் மதிப்புள்ள ஒருவர் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். உங்கள் ஆள் ஒருவருக்குத் தகவல் சொல்வது அவர்கள் கடமை. சூரியன் மறைந்து உதிக்கும்வரை பெண்களைக் கைது செய்ய, விதிவிலக்கான நிலையில் மட்டும், பெண் அதிகாரியும் மாஜிஸ்திரேட்டின் முன்அனுமதியும் தேவை.

கைதுக்கான காரணத்தை எழுத்தில், உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, இந்தி பேசத் தெரிந்தாலும் வாசிக்கத் தெரியாவிட்டால் அதைச் சொல்லுங்கள்: "முஜே ஹிந்தி பட்னா நஹீ ஆதா" (எனக்கு இந்தி வாசிக்கத் தெரியாது). தமிழிலோ ஆங்கிலத்திலோ கேளுங்கள். கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்று நெருக்கினால், கையெழுத்துக்கு மேலே தமிழில் "எனக்கு இந்தி வாசிக்கத் தெரியாது, இது எனக்குப் படித்துக் காட்டப்படவில்லை" என்று எழுதி நேரத்தையும் போடுங்கள். வெற்றுத்தாளில் போடவே கூடாது. விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது சட்டமே. பெயரும் முகவரியும் சொல்லுங்கள். மற்ற கேள்விகளுக்கு "வகீல் ஸே மில்னா ஹை" (வக்கீலைப் பார்க்க வேண்டும்) என்பதே போதும். அன்பாகப் பேசி டீ வாங்கித் தரும் அதிகாரியிடமும் அதே பதில்தான். பேச்சு வளர்வது அங்கேதான்.

போனை எடுத்தால் பறிமுதல் பட்டியலில் ஐ.எம்.இ.ஐ. எண்ணோடு எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். பறிமுதலை வீடியோ எடுக்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 105 சொல்கிறது. பாஸ்வேர்டைக் கட்டாயப்படுத்திக் கேட்கலாமா என்பதில் கோர்ட்டுகள் ஒரே மாதிரி சொல்லவில்லை. வக்கீல் வரும்வரை சொல்லாதீர்கள். அடிபட்டிருந்தால் மருத்துவப் பரிசோதனையில் டாக்டரிடம் ஒவ்வொரு காயத்தையும் காட்டிப் பதியச் சொல்லுங்கள். மாஜிஸ்திரேட் முன்னாலும் வாய்திறந்து சொல்லுங்கள். அங்கே சொல்லாமல் விட்டது பிறகு எடுபடுவது கஷ்டம்.

வெளியே வந்தபின்

எஃப்.ஐ.ஆர். போட்டார்களா, உங்கள் பெயர் இருக்கிறதா என்று டெல்லி போலீஸ் இணையதளத்திலும் வக்கீல் மூலமும் பாருங்கள். வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டுக்குக் கோர்ட்டின் அனுமதி கேட்பார்கள். ராஜேந்திர நகரில் யு.பி.எஸ்.சி.க்குப் படிப்பவர்கள் கவனிக்க: அரசு வேலையில் சேரும்போது தரும் அட்டெஸ்டேஷன் படிவத்தில் (பின்னணியைச் சரிபார்க்க நிரப்பும் படிவம்) கைதானதுண்டா என்பதோடு டிடெய்ன் ஆனதுண்டா என்றும் கேட்கும். வழக்கே பதியாமல் மாலையில் விட்டிருந்தாலும் தேதி, ஸ்டேஷன், விட்ட நேரத்தை எழுதி வைத்து, அங்கே உண்மையை எழுதுங்கள். சின்ன வழக்கை மன்னிக்க நியமன அதிகாரிக்கு இடம் உண்டு. மறைத்தது தெரியவந்தால் அதற்காகவே வேலையை ரத்து செய்ய முடியும்.