அரைகுறைத் தகவலைப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எல்லாமும் தெரியாத நிலையில் கூற்றுகளைச் சேமித்து, புதிய கூற்று வரும்போது அவற்றை மாற்றும் நிரல்களுக்காகப் புதியவர்கள் எழுதிய விதிகளைச் சரிபார்க்கும்போதெல்லாம் என் பழைய நிரல்களையே மறுபடி படிப்பதுபோல் இருக்கிறது. அடைப்புக்குறி விட்டுப்போவது, பெயர் பிசகுவது எல்லாம் இங்கே வேண்டாம். அவற்றைக் கணினியே சொல்லிவிடும். கீழே இருப்பவற்றைச் சொல்லாது.

இல்லாததைப் பொய் என்பது

பதிவில் இல்லாத கூற்று பொய் என்று கொள்வது மூடிய உலகக் கருதுகோள். கணினி அறிவியலாளர் ரேமண்ட் ரைட்டர் 1978-இல் முன்வைத்தது. விமான அட்டவணைக்கு அது பொருந்தும்: பட்டியலில் இல்லாத விமானம் இல்லை. 'அ அல்லது ஆ' என்று மட்டும் தெரிந்த இடத்தில் அதைப் போட்டால் அ பொய், ஆ பொய், கூடவே முரண்பாடு.

செய்தி வந்ததா, உலகம் மாறியதா?

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். இரண்டு வால்வுகளில் ஒன்றுதான் திறந்திருக்கிறது, எது என்று தெரியாது. இது அப்போதைய நிலவரம், நிரந்தர விதி அல்ல. 'முதல் வால்வு திறந்திருக்கிறது' என்ற கூற்று வந்து சேர்கிறது. என் நிரல் பழைய கூற்றோடு அதைச் சேர்த்து, இரண்டாவது மூடியிருக்கிறது என்று முடிவு கட்டியது.

யாரோ பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தால் அந்த முடிவு சரி. ஆனால் வந்தது, ஒருவர் முதல் வால்வைத் திறந்ததன் பதிவு. முன்பே திறந்திருந்தது இரண்டாவதாக இருந்தால் இப்போது இரண்டுமே திறந்திருக்கும். ஒவ்வொரு சாத்திய உலகத்தையும், அதாவது தெரிந்ததோடு ஒத்துப்போகும் ஒவ்வொரு நிலவரத்தையும், தனித்தனியாக மாற்றிப் பார்த்திருக்க வேண்டும். நானோ பொருந்தாத உலகத்தைத் தூக்கி எறிந்துவிட்டேன். தர்க்கத்தில் பிழை இல்லாததால் மூன்று நாள் தேடியும் அகப்படவில்லை. முரண்பாடு எழுந்திருந்தாலாவது பிடிபட்டிருக்கும். இது தவறான விடையை அமைதியாகக் கொடுத்துக்கொண்டே இருந்தது.

கட்சுனோ, மெண்டல்சோன் என்ற இரு கணினி ஆய்வாளர்கள் 1991-இலேயே இந்த வேறுபாட்டைப் பிரித்து எழுதிவிட்டார்கள்: அறிவைத் திருத்துவது வேறு, மாறிய உலகைப் பதிவது வேறு. நான் படித்தது மூன்று நாள் போன பிறகு. இப்போது வரும் ஒவ்வொரு கூற்றோடும் அது கவனிப்பா செயலா என்று ஒரு குறி வைக்கிறேன். குறி இல்லாமல் வந்தால் ஏற்பதில்லை.

பெறப்பட்ட கூற்றை அழிப்பது

பெறப்பட்ட கூற்று, வேறு அடிப்படைக் கூற்றுகளிலிருந்து விதிகளால் வருவது. எந்த அடிப்படைக் கூற்று போக வேண்டும் என்று சொல்லாமல் அதை அழிக்காதீர்கள்.

வெற்று மதிப்பை ஒப்பிடுவது

வெற்று மதிப்பு என்பது 'தெரியாது' என்பதற்கான குறி. தெரியாததும் தெரியாததும் சமமா? தரவுத்தள வினவல் மொழியான எஸ்கியூஎல்லைக் கேட்டால் அதற்கும் 'தெரியாது' என்றே வரும்.

எல்லா உலகங்களையும் விரித்து எழுதுவது

ஒன்றையொன்று சாராத 20 கூற்றுகள் மெய்யா பொய்யா என்று தெரியாமல் இருந்தால் 10,48,576 உலகங்கள். நான் 30 வரை முயன்று பார்த்தவன்.