நிழலின் நீளத்தை முதலே சொல்லலாம்

1668 டிசம்பரில் ஐரோப்பாவிலிருந்து சீனா போயிருந்த வெர்பீஸ்ட் பாதிரியார், நண்பகல் நிழல் எவ்வளவு நீளும் என்று சீனாவின் காங்சி பேரரசருக்கு முன்கூட்டியே கணித்துக் காட்டினார். அடுத்த வருடம் அரச வானியல் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அதையே நானும் ரியூசன் பிள்ளைகளும் திருகோணமலை டச்பே கடற்கரையில் செய்கிறோம்.

100 சென்டிமீட்டர் கம்பு ஒன்றை நடுங்கள். தூக்குக்குண்டால் நேர் பாருங்கள். இதில் சோம்பினால் எல்லாமே பிழையாகும். மணல் மேடுபள்ளம், ஆகவே மட்டமாகப் பலகை ஒன்றைப் போடுங்கள். திருகோணமலையின் அகலாங்கு 8.6 பாகை. டிசம்பர் 22இல் சூரியன் பூமத்தியரேகைக்குத் தெற்கே 23.4 பாகையில் நிற்கும், அதையும் கூட்டினால் 32. அதன் தான்சன் (கல்குலேட்டரில் tan) 0.625, அதைக் கம்பின் உயரத்தால் பெருக்குங்கள். ஆக நிழல் 62.5 சென்டிமீட்டர். பீஜிங்கில் இதே கம்புக்கு ஏறக்குறைய 2 மீட்டர் விழும்!

இங்கே சூரியன் உச்சிக்கு வரும் 12.04 அளவில் அளந்து பாருங்கள். எங்களை மாரி முகில் மூன்று நாள் ஏய்த்தது. சரி, அந்தக் கிழமையில் நிழல் பெரிதாக மாறாது.