பேஸ்பால் சீசன் நடுவில் ஒரு நாளின் ரிசல்ட்டையும் தரவரிசைப் பட்டியலையும் படிப்பது எப்படி

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். ஒவ்வொன்றும் ஒரு சீசனில் 162 ஆட்டம் ஆடுகிறது. எல்லா அணிகளும் களமிறங்கும் நாளில் 15 ஆட்டங்களின் முடிவு ஒரே பக்கத்தில் வந்து குவியும். கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தப் பக்கத்தில் இரண்டு விஷயம் உடனே இடிக்கும்: புள்ளி என்று ஒரு பத்தியே இல்லை, அணிகள் ஆடி முடித்த ஆட்டங்களின் எண்ணிக்கையும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் மீதி வெறும் கூட்டல் கழித்தல்தான்.

எடுத்துக்காட்டுக்கு 2023 ஜூலை 8, 9 தேதிகளை எடுத்துக்கொள்வோம். ஆல்-ஸ்டார் இடைவேளைக்கு (நட்சத்திர வீரர்களின் காட்சி ஆட்டத்துக்காக லீக் சில நாள் நிற்கும்) முந்தைய சனி, ஞாயிறு. இதைத்தான் பாதி சீசன் என்பார்கள். உண்மையில் பாதி என்பது 81 ஆட்டம். அந்த ஞாயிறு முடிந்தபோது பெரும்பாலான அணிகள் 90ஐத் தொட்டுவிட்டன.

படி 1: பார்க்கும் நேரத்தைச் சரிசெய்யுங்கள்

கோடையில் அமெரிக்கக் கிழக்குக் கரை நேரத்தோடு 9.30 மணி கூட்டினால் இந்திய, இலங்கை நேரம். மேற்குக் கரைக்கு 12.30 மணி. சிங்கப்பூர், மலேசியா என்றால் கிழக்குக் கரைக்குச் சரியாக 12 மணி. நியூயார்க்கில் பகல் 1.05க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு இரவு 10.35. லாஸ் ஏஞ்சலஸில் மாலை 7.10க்குத் தொடங்குவது மறுநாள் காலை 7.40.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பட்டியல் தானாக மாறும். இந்திய நேரம் காலை 9 மணிக்குப் பார்த்தால் கிழக்கு அணிகளின் முடிவு ஏறியிருக்கும், மேற்கு அணிகள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும். அப்போது கணக்குப் போட்டால் அரை ஆட்டம் தவறும். 2023இல் ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் சராசரியாக 2 மணி 40 நிமிடம் எடுத்தது. ஆகவே இந்திய நேரம் காலை 11க்கு மேல் பார்த்தால் அன்றைய கணக்கு அநேகமாக முழுமையாக இருக்கும்.

படி 2: ஸ்கோர் வரி

மேல் வரியில் இருப்பது வந்து ஆடும் அணி, கீழே இருப்பது சொந்த மைதான அணி. டாஸ் கிடையாது, வந்த அணியே எப்போதும் முதலில் பேட் செய்யும். ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒன்பது கட்டம், அதன்பின் மூன்று எண்கள்: ரன், ஹிட் (பந்தை அடித்துப் பேஸை, அதாவது ரன் எடுக்கச் சுற்றி ஓடும் முனைகளில் ஒன்றை, எட்டியது), எரர் (ஃபீல்டரின் தவறு).

ஜூலை 8 அன்று டெட்ராய்ட் டைகர்ஸ் சொந்த மைதானத்தில் டொராண்டோ புளூ ஜேஸை 2-0 என்று வென்றது. டொராண்டோவின் வரியில் ஒன்பது பூஜ்யம், ஹிட் கட்டத்திலும் பூஜ்யம். இதுதான் நோ-ஹிட்டர். டெட்ராய்டின் ஒன்பதாவது கட்டத்தில் எண்ணுக்குப் பதில் எக்ஸ் இருக்கும்: ஒன்பதாவது இன்னிங்ஸின் முதல் பாதி முடிந்தபோதே அது முன்னிலையில் இருந்ததால் மறுபடி பேட் செய்யத் தேவையில்லை. அந்த எக்ஸைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நோ-ஹிட்டரையும் பெர்ஃபெக்ட் கேமையும் குழப்பிக்கொள்வதும் வழக்கம். நோ-ஹிட்டரில் வாக் (நான்கு தவறான பந்துகளால் கிடைக்கும் இலவச முதல் பேஸ்) மூலமாகவோ ஃபீல்டரின் தவறாலோ எதிரணி ஆள் பேஸுக்குப் போகலாம். பெர்ஃபெக்ட் கேமில் 27 பேரும் வரிசையாக அவுட். 2023 ஜூன் 28 அன்று நியூயார்க் யாங்கீஸின் டொமிங்கோ ஹெர்மான் ஓக்லண்டுக்கு எதிராக வீசியது அது. மேஜர் லீக் வரலாற்றில் 24ஆவது.

ஸ்கோருக்குப் பக்கத்தில் எஃப்/10 என்றிருந்தால் ஆட்டம் பத்தாவது இன்னிங்ஸில் முடிந்தது என்று பொருள். சமன் கிடையாது. பத்தாவதிலிருந்து ஒவ்வொரு அணிக்கும் இரண்டாம் பேஸில் ஓர் ஆளை இலவசமாக நிறுத்தித்தான் இன்னிங்ஸ் தொடங்கும். பி.பி.டி. என்றிருந்தால் ஆட்டம் தள்ளிவைப்பு, பெரும்பாலும் மழை. அது பின்னொரு நாள் டபுள்ஹெடராக வரும், அதாவது ஒரே நாளில் இரண்டு ஆட்டம். ஆட்ட எண்ணிக்கை அணிக்கு அணி வேறுபட முக்கியக் காரணம் இதுவே.

படி 3: பிட்சர் வரி

பிட்சர் என்றால் பந்து வீசுபவர். ஸ்கோருக்குக் கீழே மூன்று பெயர்கள் வரும்: வென்ற பிட்சர், தோற்ற பிட்சர், சேவ் எடுத்தவர் (குறுகிய முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்தவர்). டெட்ராய்ட் ஆட்டத்தில் வெற்றி மேட் மானிங்குக்கு, சேவ் அலெக்ஸ் லேஞ்சுக்கு. இடையில் ஜேசன் ஃபோலி. தொடக்க பிட்சர் வெற்றியைத் தன் பெயரில் எழுத வேண்டுமானால் குறைந்தது ஐந்து இன்னிங்ஸ் வீச வேண்டும்.

புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லாரும் தடுமாறும் இடம் இன்னிங்ஸ் எண்ணிக்கை. மானிங் 6.2, ஃபோலி 1.1, லேஞ்ச் 1.0 என்று எழுதியிருப்பார்கள். தசமமாகக் கூட்டினால் 8.3 வரும், ஆனால் ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ். இங்கே புள்ளிக்குப் பின்னால் வருவது அவுட் எண்ணிக்கை. ஒரு இன்னிங்ஸுக்கு மூன்று அவுட் என்பதால் .1 என்றால் மூன்றில் ஒரு பங்கு, .2 என்றால் மூன்றில் இரண்டு. ஓவருக்கு ஆறு பந்து என்ற கணக்கில் 6.2 ஓவரை வாசிப்பீர்களே, அதே பழக்கம்தான்; ஆறுக்குப் பதில் மூன்று.

இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு பிட்சர் தரும் சராசரி ரன்) கணக்கிடும்போது இது கடிக்கும். சூத்திரம்: பிட்சர் தன் பொறுப்பில் கொடுத்த ரன் × 9 ÷ இன்னிங்ஸ். 6.2 இன்னிங்ஸில் 2 ரன் கொடுத்தவரின் இ.ஆர்.ஏ. 18 ÷ 6.667 = 2.70. கால்குலேட்டரில் 6.2 என்றே தட்டினால் 2.90 காட்டும். ஃபீல்டர் தவறால் வந்த ரன்னும், பத்தாவது இன்னிங்ஸில் இலவசமாக நின்ற ஆள் எடுத்த ரன்னும் இந்தக் கணக்கில் சேராது.

படி 4: பட்டியலின் அமைப்பு

அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என இரண்டு லீக். ஒவ்வொன்றிலும் கிழக்கு, மத்திய, மேற்கு என மூன்று டிவிஷன், டிவிஷனுக்கு ஐந்து அணி. 2023 ஜூலை 9 ஆட்டங்கள் முடிந்தபின் அமெரிக்கன் லீக் கிழக்கு இது (ஜி.பி. என்ன என்பது அடுத்த படியில்):

| அணி | வெற்றி | தோல்வி | விகிதம் | ஜி.பி. |
|---|---|---|---|---|
| டாம்பா பே ரேஸ் | 58 | 35 | .624 | – |
| பால்டிமோர் ஓரியோல்ஸ் | 54 | 35 | .607 | 2 |
| டொராண்டோ புளூ ஜேஸ் | 50 | 41 | .549 | 7 |
| நியூயார்க் யாங்கீஸ் | 49 | 42 | .538 | 8 |
| பாஸ்டன் ரெட் சாக்ஸ் | 48 | 43 | .527 | 9 |

வரிசையைத் தீர்மானிப்பது வெற்றி விகிதம்: வெற்றி ÷ ஆடிய ஆட்டம், மூன்று தசம இடம் வரை. 58 ÷ 93 = .624.

படி 5: ஜி.பி. கணக்கு

முதலிடத்துக்கு எத்தனை ஆட்டம் பின்னால் என்பதைச் சொல்லும் எண் இது. முதல் அணியின் வெற்றியிலிருந்து நம் அணியின் வெற்றியைக் கழியுங்கள். நம் அணியின் தோல்வியிலிருந்து முதல் அணியின் தோல்வியைக் கழியுங்கள். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுங்கள்.

யாங்கீஸ்: 58 – 49 = 9; 42 – 35 = 7; கூட்டினால் 16; பாதி 8. பட்டியலில் இருப்பதும் 8.

இரண்டால் வகுப்பது ஏன்? முதல் அணி தோற்று, துரத்தும் அணி வென்றால் இடைவெளி ஒன்று குறைகிறது. அதில் இரண்டு ஆட்டங்களின் பங்கு இருக்கிறது, ஆளுக்குப் பாதி. முதல் அணிக்கு அன்று ஓய்வாக இருந்து துரத்துகிற அணி மட்டும் ஆடி வென்றால் அரைதான் குறையும். பட்டியலில் தெரியும் அரைகளெல்லாம் இப்படி வந்தவை. அதே நாளில் மத்திய டிவிஷனில் கிளீவ்லாண்ட் 45-45, மினசோட்டா 45-46. இடைவெளி அரை.

சீசன் தொடக்க வாரங்களில் இந்தக் கணக்கு மைனஸிலும் போகும். கற்பனையாக, 30-20 என்ற அணி (.600) முதலிடத்தில் இருக்க, 35-24 என்ற அணி (.593) இரண்டாவது என்று வையுங்கள். ஜி.பி. மைனஸ் அரை வரும். கணக்கு தவறவில்லை, வரிசை விகிதத்தால் அமைவது, ஜி.பி.யால் அல்ல.

படி 6: தோல்விப் பத்தியை முதலில் பாருங்கள்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பால்டிமோர் 2 ஆட்டம் பின்தங்கியிருந்தது என்கிறது ஜி.பி. ஆனால் தோல்விப் பத்தியில் இரண்டுக்கும் 35. டாம்பா பே 93 ஆட்டம் ஆடிவிட்டது, பால்டிமோர் 89தான். இடைவெளி முழுவதும் இன்னும் ஆடாத நான்கு ஆட்டங்களிலிருந்து வந்தது. அந்த நான்கையும் வென்றால் இரண்டும் 58-35. ஆடாத ஆட்டத்தை வெல்ல வாய்ப்புண்டு. தோற்ற ஆட்டத்தை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. அதே 2 ஆட்ட இடைவெளி மேற்கிலும் இருந்தது: டெக்சாஸ் 52-39, ஹியூஸ்டன் 50-41. அங்கே ஹியூஸ்டனுக்குத் தோல்வியிலும் இரண்டு கூடுதல். ஆட்டங்கள் இருவருக்கும் 91. டெக்சாஸ் இரண்டு முறை சறுக்கினால் ஒழிய ஹியூஸ்டன் தன் வெற்றிகளால் மட்டும் எட்டிவிட முடியாது. எண் ஒன்று, நிலைமை இரண்டு.

சீசன் முடிவில் பால்டிமோர் 101-61, டாம்பா பே 99-63.

கடைசி 10 ஆட்டம், தொடர் வெற்றி ஆகிய பத்திகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகருங்கள். எதிரணி யார் என்று பார்க்காமல் 7-3 என்பதற்கு அர்த்தமில்லை. மேஜிக் நம்பரும் (முதலிடம் உறுதியாக, முதல் அணியின் வெற்றியும் இரண்டாம் அணியின் தோல்வியும் சேர்ந்து இன்னும் எத்தனை வேண்டும் என்ற எண்) ஜூலையில் வீண். 163லிருந்து முதல் அணியின் வெற்றியையும் இரண்டாம் அணியின் தோல்வியையும் கழித்தால் அது கிடைக்கும். டாம்பா பேக்கு அன்று 70. செப்டம்பரில் போடுங்கள்.

படி 7: வைல்ட் கார்டு பட்டியலுக்கு மாறுங்கள்

2022 முதல் ஒவ்வொரு லீக்கிலும் ஆறு அணிகள் பிளேஆஃபுக்குப் போகின்றன: மூன்று டிவிஷன் முதலிடம், மீதமுள்ளவர்களில் சிறந்த மூன்று வைல்ட் கார்டு. டிவிஷன் பட்டியலை மட்டும் பார்த்து யாங்கீஸ் 8 ஆட்டம் பின்னால், கதை முடிந்தது என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

டிவிஷன் தலைவர்கள் மூவரையும் நீக்குங்கள். மீதியை விகிதப்படி அடுக்குங்கள்: பால்டிமோர் 54-35, ஹியூஸ்டனும் டொராண்டோவும் 50-41, யாங்கீஸ் 49-42, பாஸ்டன் 48-43. மூன்றாவது இடம்தான் கோடு. கோட்டிலிருந்து யாங்கீஸ் 1 ஆட்டம் கீழே, பாஸ்டன் 2, சியாட்டில் (45-44) 4. பால்டிமோருக்கு +5 என்றிருக்கும். கூட்டல் குறி வந்தால் கோட்டுக்கு அவ்வளவு மேலே.

டிவிஷன் அமைப்பின் விசித்திரமும் இங்கே தெரியும். பாஸ்டன் 48-43, தன் டிவிஷனில் கடைசி, பிளேஆஃபுக்கு வெளியே. கிளீவ்லாண்ட் 45-45, டிவிஷனில் முதல், உள்ளே. டெட்ராய்ட் 39-50 என்று கிடந்தும் முதலிடத்துக்கு ஐந்தரை ஆட்டம்தான் பின்னால். நியாயமா என்றால் இல்லை, விதி அப்படி.

படி 8: ரன் வித்தியாசம்

எடுத்த ரன்னிலிருந்து கொடுத்த ரன்னைக் கழித்தால் வருவது. ஜூலை 9 அன்று பால்டிமோர் மினசோட்டாவை 15-2 என்று அடித்தது. ஜி.பி. கணக்கில் அது ஒரே ஒரு வெற்றி. ரன் வித்தியாசத்தில் 13. கிரிக்கெட்டில் நெட் ரன் ரேட் சமநிலையை உடைக்கும், இது உடைக்காது; தகுதிக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஓர் அணியின் இடம் நிலைக்குமா என்பதை மோப்பம் பிடிக்க இதைவிட எளிய கருவி இல்லை.

எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்ததின் வர்க்கமும் கொடுத்ததின் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுங்கள். ரன்களின்படி அந்த அணிக்கு உரிய வெற்றி விகிதம் வரும். பேஸ்பால் புள்ளியியல் எழுத்தாளர் பில் ஜேம்ஸ் வகுத்த சூத்திரம். 2023 முழு சீசனில் சான் டியேகோ 752 எடுத்து 648 கொடுத்தது: .574, அதாவது சுமார் 93 வெற்றிக்குரிய ஆட்டம். வென்றது 82. மயாமி 666 எடுத்து 723 கொடுத்தது: சுமார் 74 வெற்றிக்குரியது. வென்றது 84, பிளேஆஃபுக்கும் போனது. ஒரு ரன் வித்தியாச ஆட்டங்களில் மயாமி 33-14, சான் டியேகோ 9-23. இத்தகைய ஆட்டங்களில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது. ஜூலையில் பார்த்த விகிதம் செப்டம்பரிலும் நீடிக்கும் என்று நம்பிப் பந்தயம் கட்டாதீர்கள்.

படி 9: நேருக்கு நேர் கணக்கைக் குறித்து வையுங்கள்

முன்பெல்லாம் இரண்டு அணிகள் சமமாக முடித்தால் 163ஆவது ஆட்டம் வைப்பார்கள். 2022 முதல் அது கிடையாது. இருவரும் மோதியதில் அதிகம் வென்றவருக்கே இடம். 2023 அட்டவணைப்படி ஒரே டிவிஷன் அணிகள் தங்களுக்குள் 13 முறை மோதின. ஒற்றைப்படை என்பதால் அதில் யாராவது ஒருவர் முந்தியே தீர வேண்டும்.

டெக்சாஸும் ஹியூஸ்டனும் அந்த ஆண்டு 90-72 என்றே முடித்தன. நேருக்கு நேர் 9-4 என்று ஹியூஸ்டன் முன்னால் இருந்ததால் டிவிஷன் அதற்கு. முதல் சுற்று ஆடாமல் நேரே அடுத்த சுற்று. டெக்சாஸ் வைல்ட் கார்டாக நுழைந்து உலகத் தொடரையே (லீக்கின் இறுதிப் போட்டி) வென்றது வேறு விஷயம். உங்கள் பட்டியலில் ஒரே டிவிஷனின் முதலிரண்டு அணிகள் மூன்று ஆட்டத்துக்குள் இருந்தால், ஜி.பி.க்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு அதுவரையான மோதல் கணக்கையும் எழுதுங்கள். ஓர் அணி ஏழு வென்றுவிட்டால் அந்த ஜோடியின் சமநிலை விதி முடிவாகிவிட்டது; அதன்பின் பின்னால் இருப்பவர் எட்டிப் பிடித்தால் போதாது, ஓர் ஆட்டம் தாண்ட வேண்டும்.