கொகிட்டோவில் முதல் பிபிஎம்என் சேவை: கருவிகளை நிறுவும் முறை

விடுப்பு விண்ணப்பம் ஒன்று மேலாளரிடம் போய், அங்கிருந்து ஹெச்ஆருக்குப் போகிறது. இந்த ஓட்டத்தைப் படமாக வரைந்தால், அந்தப் படமே இயங்கும் ரெஸ்ட் சேவையாக, அதாவது மற்ற நிரல்கள் இணையம் வழியாக அழைக்கக்கூடிய சேவையாக, மாற வேண்டும். கொகிட்டோ செய்வது இதைத்தான். ஜேபிபிஎம் (பணி ஓட்டங்களை இயக்கும் கருவி), ட்ரூல்ஸ் (விதிகளை இயக்கும் கருவி) குடும்பத்தில் பிறந்த இந்தத் திட்டம் 2023-இல் அப்பாச்சி இன்குபேட்டருக்குள், அதாவது அப்பாச்சி அமைப்பு புதிதாகச் சேரும் திட்டங்களை வளர்க்கும் இடத்துக்குள், வந்தது. படத்தை வரையும் முறை பிபிஎம்என் 2.0. அது 2011-இல் வெளியான பொதுத் தரம் என்பதால், இங்கே கற்பது வேறு கருவிகளிலும் உதவும்.

ஒரு கருவியை நிறுவியதும் அது வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் மொத்தமாக நிறுவிவிட்டால், பிழை வரும்போது எங்கே தேடுவது என்றே தெரியாது.

1. ஜாவா

ஜேடிகே (ஜாவா நிரல்களை உருவாக்கும் தொகுப்பு) 17 போதும். நிரலை இயக்க மட்டுமே உதவும் ஜேஆர்இ மட்டும் இருந்தால் கம்பைல் ஆகாது. நிறுவிய பிறகு 'ஜாவா ஹோம்' என்ற சூழல் மாறியை ஜேடிகே இருக்கும் ஃபோல்டருக்குக் காட்டுங்கள். ஏற்கெனவே திறந்திருந்த டெர்மினலுக்கு இந்த மாற்றம் தெரியாது, அதனால் புதிதாக ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள்.

2. மேவன்

மேவன் என்பது தேவையான லைப்ரரிகளை இறக்கி, நிரலைக் கம்பைல் செய்யும் கருவி. 3.9 வரிசையில் அண்மைய வெளியீட்டை எடுங்கள். பிறகு மேவனிடம் அதன் வெர்ஷனைக் கேளுங்கள். தன் எண்ணோடு, தான் எந்த ஜாவாவைப் பயன்படுத்துகிறது என்பதையும் அது சொல்லும். அந்த இரண்டாவது விவரம்தான் முக்கியம். சில சமயம் டெர்மினலில் ஜாவா 17 என்று வரும், ஆனால் மேவன் பழைய ஜாவா 8-ஐப் பிடித்துக்கொண்டிருக்கும். ஜாவா ஹோம் தவறான இடத்தைக் காட்டுவதால் இப்படி ஆகும். நான் ஒரு முழு மாலையை இதில் இழந்திருக்கிறேன். நீங்கள் இழக்க வேண்டாம்.

3. எடிட்டர்

விஎஸ் கோடில், கொகிட்டோவை உருவாக்கும் கேஐஈ குழுவினர் வெளியிட்ட பிபிஎம்என் எடிட்டர் எக்ஸ்டென்ஷனைச் சேருங்கள். அது இல்லாமல் பிபிஎம்என் ஃபைலைத் திறந்தால் வெறும் எக்ஸ்எம்எல்தான் தெரியும்.

4. மாதிரி புராஜெக்ட்

முதல் முறை வெறும் ஃபோல்டரிலிருந்து தொடங்க வேண்டாம். கொகிட்டோவும், இங்கே அது இயங்கும் ஜாவா ஃபிரேம்வொர்க்கான குவார்கஸும் ஒன்றுக்கொன்று பொருந்தும் வெர்ஷன்களில் இருக்க வேண்டும், அந்தப் பொருத்தம் கொகிட்டோவின் மாதிரிகளில் ஏற்கெனவே உண்டு. கிட்ஹப்பில் மாதிரிகளை எடுக்கும்போது வெளியீட்டுக் கிளையைத் தேர்ந்தெடுங்கள். மெயின் கிளையில் 999-ஸ்னாப்ஷாட் என்ற எண் இருக்கும். அது உருவாக்கத்தில் இருக்கும் நிரல், தொடக்கத்துக்கு ஏற்றதல்ல.

'புராசஸ் யூசர்டாஸ்க்ஸ் குவார்கஸ்' என்ற மாதிரியைப் பரிந்துரைக்கிறேன். பயணி ஒருவரின் கோரிக்கையை இருவர் அங்கீகரிக்க வேண்டும், முதலில் அங்கீகரித்தவரே இரண்டாவதாகவும் அங்கீகரிக்க முடியாது. நம் அலுவலகங்களில் தினமும் நடப்பதுதான்.

5. ஓட்டிப் பார்த்தல்

அந்த ஃபோல்டருக்குள் போய், 'எம்விஎன் கிளீன் கம்பைல் குவார்கஸ்:டெவ்' என்ற கட்டளையை ஆங்கில எழுத்தில் கொடுங்கள். முதல் முறை நிறைய லைப்ரரிகள் இறங்கும், பொறுமையாக இருங்கள். சேவை 8080 போர்ட்டில் எழும். அந்தப் போர்ட்டை வேறொன்று பிடித்திருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள்.

பிரவுசரில் குவார்கஸின் டெவ் யூஐ பக்கத்துக்குப் போனால், ஸ்வாக்கர் என்ற சோதனைப் பக்கத்தின் மூலம் எண்ட்பாயிண்டுகளை, அதாவது சேவையை அழைக்கும் பாதைகளைப் பார்க்கலாம். 'அப்ரூவல்ஸ்' என்ற பாதைக்கு, பயணியின் விவரங்களை ஜேசன் என்ற உரை வடிவில் வைத்து ஒரு போஸ்ட் (புதிதாக ஒன்றை உருவாக்கச் சொல்லும் அழைப்பு) அனுப்புங்கள். பதிலில் ஒரு ஐடி வரும். அப்புறம் அதே பாதைக்கு கெட் (இருப்பதைக் கேட்கும் அழைப்பு) அனுப்பினால், அங்கீகாரத்துக்காகக் காத்திருக்கும் அந்தக் கோரிக்கை பட்டியலில் நிற்கும். இதற்காக, அழைப்புகளைக் கையாளும் ஒரு கண்ட்ரோலரைக்கூட நீங்கள் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். பாதையின் பெயர் படத்தின் புராசஸ் ஐடியிலிருந்தே வந்தது.

சரி, இனி எடிட்டரில் படத்தைத் திறந்து ஒரு டாஸ்க்கின் பெயரை மாற்றிச் சேமியுங்கள். அடுத்த போஸ்டோ கெட்டோ வரும்போது சேவை தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். டேட்டாபேஸ் இணைக்காத வரை எல்லாம் மெமரியில்தான் இருக்கிறது, அதனால் காத்திருந்த கோரிக்கைகள் அப்போது மறைந்துவிடும். மறுபடி ஒரு போஸ்ட் அனுப்பிவிட்டுத் தொடருங்கள்.