லினக்ஸுக்கு மாறும் வடிவமைப்பாளர் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

விண்டோஸிலோ மேக்கிலோ பல ஆண்டுகள் வேலை செய்துவிட்டு லினக்ஸுக்கு வர நினைக்கும் வடிவமைப்பாளர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, போட்டோஷாப்புக்குப் பதிலாக எதைப் பயன்படுத்துவது என்பதைத்தான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள் என்பேன். புதிய மென்பொருளைப் பழகச் சில நாள் பிடிக்கும், அவ்வளவுதான். பழைய கோப்பு திறக்கவில்லை, எழுத்துரு மாறிவிட்டது, நேற்றைய சிவப்பு இன்று வேறு சிவப்பாகத் தெரிகிறது என்றால் அன்றைய வேலையே நின்றுபோகும். ஆகவே முதலில் கோப்பு, பிறகு எழுத்துரு, நிறம், கைப்பழக்கம், அதன் பின்னரே மென்பொருள். இந்த வரிசையை மாற்றாமல் செய்தால் பதற்றம் பாதியாகக் குறையும்.

லினக்ஸ் பல வகைகளாகக் கிடைக்கிறது; அவற்றில் உபுண்டுவை மனத்தில் வைத்து எழுதுகிறேன். லினக்ஸ் மின்ட், ஃபெடோரா பயன்படுத்துபவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். அமைப்புகளின் பெயரும் இடமும் மட்டும் சற்று மாறும்.

முதல் படி: பழைய கணினியிலேயே கோப்புகளைத் தயார் செய்தல்

போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் மூன்றுக்கும் லினக்ஸ் பதிப்பு கிடையாது. அவை உங்கள் கையில் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலைகள் சில உள்ளன.

இல்லஸ்ட்ரேட்டர் கோப்புகளைச் சேமிக்கும்போது, பிடிஎஃப் உடன் பொருந்தும் கோப்பாகச் சேமிக்கும் தேர்வு இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால், லினக்ஸில் திசையன் (வெக்டர்) படங்கள் வரையும் நிரலான இங்க்ஸ்கேப் அந்தக் கோப்பின் பிடிஎஃப் பகுதியைப் படித்துத் திறந்துவிடும். இல்லையென்றால் உள்ளே இருக்கும் படம் கிடைக்காது. முக்கியமான சின்னங்களுக்கும் லோகோக்களுக்கும் எஸ்விஜி வடிவிலும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இங்க்ஸ்கேப்பின் சொந்த வடிவமே எஸ்விஜிதான்.

இன்டிசைன் கோப்பை நேரடியாகத் திறக்கும் வழி லினக்ஸில் இல்லை. இன்டிசைனிலிருந்தே ஐடிஎம்எல் என்ற பரிமாற்ற வடிவில் ஏற்றுமதி செய்தால், லினக்ஸில் பக்கம் வடிவமைக்கும் நிரலான ஸ்க்ரைபஸ் அதை இறக்கிக்கொள்ளும். பக்க அமைப்பு ஓரளவு அப்படியே வரும். நுணுக்கமான இடைவெளிகளைத் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருக்கும். ஐடிஎம்எல் எடுப்பதோடு, பேக்கேஜ் கட்டளையையும் ஒருமுறை ஓட்டுங்கள். அந்த ஆவணத்தில் இணைத்த படங்களும், கோப்பாக எடுத்துச்செல்ல அனுமதிக்கப்பட்ட எழுத்துருக்களும் ஒரே கோப்புறையில் வந்து சேரும்.

போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்புகளை, லினக்ஸில் ஓடும் பட நிரல்களான கிம்ப், கிரிட்டா இரண்டும் திறக்கும். ஆனால் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட், திருத்த அடுக்குகள், எழுத்து அடுக்குகள் ஆகியவை போட்டோஷாப்பில் இருந்தபடியே வரும் என்று நம்பி உட்காராதீர்கள். ஒவ்வொரு முக்கிய பிஎஸ்டிக்கும் பக்கத்தில், அடுக்குகளை ஒன்றாக்கிய டிஃப் பிரதி ஒன்று இருக்கட்டும். பின்னாளில் எது மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க அதுவே சாட்சி.

கோப்புப் பெயர்களில் ஒரு விஷயம். லினக்ஸ் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறு வேறாகக் கருதும். விண்டோஸிலும், வழக்கமான மேக் அமைப்பிலும் அப்படி இல்லை. இணைப்பில் ஒரு விதமாகவும் கோப்பின் பெயரில் வேறு விதமாகவும் எழுதியிருந்தால், இதுவரை தெரிந்த படம் இங்கே காணாமல் போகும். வலைத்தள வடிவமைப்பு செய்பவர்கள் இதை முன்பே சரிசெய்வது நல்லது.

எல்லாவற்றையும் வெளி வன்வட்டில் நகலெடுக்கும்போது, அந்த வட்டு எக்ஸ்ஃபேட் வடிவில் இருந்தால் மூன்று இயங்குதளங்களும் படிக்கும். பழைய ஃபேட்32 வடிவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. ஆப்பிளின் ஏபிஎஃப்எஸ் வடிவிலுள்ள வட்டை உபுண்டு தானாகப் படிக்காது.

இரண்டாம் படி: நிறுவும் முன் ஓட்டிப் பார்த்தல்

8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவில் உபுண்டுவை எழுதி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். பலீனா எட்சர் அல்லது ரூஃபஸ் என்ற சிறு நிரல் இதைச் செய்துதரும். முயன்று பார்க்கும் தேர்வில் நிற்கும் வரை உங்கள் வன்வட்டில் எதுவும் மாறாது.

இந்த நிலையிலேயே சோதிக்க வேண்டியவை: திரை முழுத் தெளிவுத்திறனில் வருகிறதா, இரண்டாவது திரை சரியாக இருக்கிறதா, வரைபலகையில் பேனாவின் அழுத்தம் பதிகிறதா. வேக்கம் பலகைகளுக்கான இயக்கி லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருப்பதால் அவை பெரும்பாலும் செருகியவுடன் வேலை செய்யும். மற்ற நிறுவனப் பலகை என்றால் அதன் தளத்தில் லினக்ஸ் இயக்கி உண்டா என்று பாருங்கள்; ஓபன் டேப்லெட் டிரைவர் என்ற இலவச நிரலும் பல மாதிரிகளுக்குக் கைகொடுக்கும். பலகை வேலை செய்யவில்லையென்றால் அதைத் தீர்க்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

நிறுவும்போது பழைய இயங்குதளத்தை அழிக்காதீர்கள். இரண்டும் ஒரே கணினியில் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் வசதி இயக்கத்தில் இருந்தால் அதன் மீட்புச் சாவியை முன்பே எழுதி வைத்துக்கொள்வது கட்டாயம். தொடக்க அமைப்பு மாறியதைக் கண்டால் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கக்கூடும். இல்லாவிட்டால் உங்கள் கோப்புகள் உங்களுக்கே திறக்காது.

மூன்றாம் படி: எழுத்துருக்கள்

உபுண்டுவில் எழுத்துருக் கோப்பை இருமுறை சொடுக்கினால் முன்னோட்டம் திறக்கும். அங்கேயே நிறுவும் பொத்தான் இருக்கும். நிறைய இருந்தால் ஃபாண்ட் மேனேஜர் என்ற நிரலை நிறுவிக்கொண்டு மொத்தமாகச் சேர்க்கலாம்.

சந்தா வழியாக வரும் எழுத்துருக்களில்தான் பலருக்கு அதிர்ச்சி. அடோபி ஃபாண்ட்ஸில் நீங்கள் இயக்கி வைத்திருந்தவை கோப்பாக உங்களிடம் இல்லை. அடோபியின் கிரியேட்டிவ் கிளவுட் செயலி இல்லாத கணினியில் அவை வராது. விண்டோஸோடும் மேக்கோடும் வரும் எழுத்துருக்களுக்கும் அவற்றுக்கான உரிமம் உண்டு, நினைத்த இடத்துக்கு எடுத்துச்செல்ல முடியாது. ஆகவே நடப்பு வேலைகளில் எந்தெந்த எழுத்துருக்கள் இருக்கின்றன என்று பட்டியல் எடுத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் சொந்தமாக வாங்கியது, திறந்த உரிமம், சந்தா என்று குறித்துக்கொள்ளுங்கள். சந்தா என்று குறித்தவற்றுக்கு இப்போதே மாற்று தேடுங்கள்.

தமிழில் வடிவமைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த உரை, அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். மாறும் இந்த நேரமே அவற்றை யூனிகோடாக மாற்றிவிடச் சரியான நேரம். கிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும் யூனிகோடு தமிழைக் கொம்பும் காலும் இடம் மாறாமல் காட்டுகின்றன. ஸ்க்ரைபஸின் பழைய 1.4 வரிசையில் தமிழ் உடைந்து தெரியும். 2024இல் வந்த 1.6 வரிசையையோ அதற்குப் பிந்தையதையோ நிறுவுங்கள்.

நான்காம் படி: நிறமும் திரையும்

அதே திரை, அதே கேபிள். ஆனாலும் நிறம் மாறித் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. திரையின் நிறத்தைத் திருத்தும் ஐசிசி ப்ரொஃபைல் இயங்குதளத்துக்குள் இருக்கும் கோப்பு. இயங்குதளம் மாறினால் அது கூட வராது, நீங்கள்தான் எடுத்துவர வேண்டும். மேக்கில் லைப்ரரிக்குள் கலர்சின்க் கோப்புறையில் தேடுங்கள். உபுண்டுவில் அமைப்புகளுக்குள் நிறம் என்ற பகுதியைத் திறந்து, திரையைத் தேர்ந்தெடுத்து, அந்தக் கோப்பைச் சேர்க்கலாம். திரையின் நிறத்தை அளக்கும் நிறமானி வைத்திருப்பவர்கள் டிஸ்ப்ளேகால் நிரலைக் கொண்டு புதிதாக அளந்துவிடுவதே மேல்.

இரவு ஒளி வசதியை அணைத்துவிடுங்கள். மாலையானதும் திரையை மஞ்சளாக்கும் அந்த வசதி கண்ணுக்கு நல்லதாக இருக்கலாம். அது இயங்கும்போது நிறத்தைத் தீர்மானிக்க முடியாது.

மிகப் பழைய கோப்புகள் வைத்திருக்கும் மேக் பயனர்கள் கவனிக்க: இடைநிலை நிறங்களின் வெளிச்சத்தைத் தீர்மானிக்கும், மேக்கின் இயல்பு காமா மதிப்பு 2009இல் ஸ்னோ லெப்பர்ட் வரும்வரை 1.8 ஆக இருந்தது. அதன் பிறகே 2.2 ஆனது. அதற்கு முன் செய்த, ப்ரொஃபைல் பதியாத படங்கள் இன்றைய எந்தத் திரையிலும் சற்று இருண்டு தெரியும். அதற்கும் லினக்ஸுக்கும் தொடர்பில்லை.

திரை அளவு மாற்றத்தில் 125 அல்லது 150 விழுக்காடு வைத்தால் எழுத்துகள் வசதியாக இருக்கும். ஆனால் சில நிரல்களை அமைப்பு பெரிதாக வரைந்து பிறகு சுருக்கிக் காட்டுவதால், விளிம்புகள் லேசாக மங்கும். ஐகான், இடைமுகம் போன்ற பிக்சல் கணக்கு வேலைகளைப் பார்வையிடும்போது 100 அல்லது 200 விழுக்காட்டுக்கு மாற்றிக்கொண்டு முடிவெடுங்கள். கோடு மங்கலாக இருப்பது கோப்பிலா திரையிலா என்று தெரியாமல் திருத்திக்கொண்டிருப்பது வீண் உழைப்பு.

ஐந்தாம் படி: கைப்பழக்கம்

மேக்கில் கட்டை விரலால் கமாண்ட் விசையை அழுத்திப் பழகியவர்களுக்கு, கண்ட்ரோல் விசை மூலையில் இருப்பது முதல் வாரம் முழுக்கத் தொந்தரவு செய்யும். ட்வீக்ஸ் என்ற நிரலில் விசைகளை இடம் மாற்றிக்கொள்ளலாம். நான் சொல்வது, மாற்றாமல் இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள் என்பது. வேறொருவர் கணினியில் உட்கார நேர்ந்தாலும் கை தடுமாறாது.

வரைகலை நிரல்களுக்குள் நிலைமை வேறு. அங்கே பழைய குறுக்குவிசைகளையே வைத்துக்கொள்வதில் தவறே இல்லை. கிரிட்டாவின் அமைப்புகளில் போட்டோஷாப்புக்கு இசைந்த விசைத் தொகுப்பு ஒன்று தயாராக இருக்கிறது. இங்க்ஸ்கேப்பின் விருப்பங்களில் விசைப்பலகைப் பகுதியில் இல்லஸ்ட்ரேட்டர் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கலாம். கிம்ப்பில் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். நாளெல்லாம் அழுத்தும் நான்கைந்து விசைகளை மட்டும் மாற்றி, மற்றவற்றை அதன் போக்கிலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

வடிவமைப்பாளரின் கையைக் குறிப்பாகப் படுத்தும் இரண்டு விஷயங்களைப் பெரும்பாலான அறிமுகங்கள் சொல்வதில்லை. ஒன்று, லினக்ஸில் உரையைத் தேர்ந்தெடுத்தாலே அது நகலாகிவிடும். சுட்டியின் நடுச்சக்கரத்தை அழுத்தினால் ஒட்டப்படும். சக்கரத்தை அழுத்தி ஓவியப்பரப்பை நகர்த்திப் பழகியவர்களின் படத்தில் எங்கிருந்தோ ஒரு வாக்கியம் வந்து விழும். ட்வீக்ஸில் சுட்டிப் பகுதியில் இதை அணைக்கலாம். மற்றொன்று, லினக்ஸ் மின்ட்டின் சின்னமன் போன்ற திரைச்சூழல்களில் ஆல்ட் விசையுடன் இழுத்தால் சாளரமே நகரும். பொருளைப் பிரதியெடுக்கவும், இங்க்ஸ்கேப்பில் கீழே மறைந்திருக்கும் பொருளைத் தேர்ந்தெடுக்கவும் ஆல்ட் விசைதானே வேண்டும்? சாளர அமைப்புகளில் நடத்தைப் பகுதிக்குச் சென்று, அந்த வேலையை சூப்பர் விசைக்கு, அதாவது விண்டோஸ் குறி உள்ள விசைக்கு, மாற்றிவிடுங்கள்.

மேக்கில் இடைவெளி விசையை அழுத்திக் கோப்பை எட்டிப் பார்த்தவர்களுக்கு சுஷி என்ற சிறு நிரல் அதே வசதியைத் தரும். நிறுவிவிடுங்கள்.

ஆறாம் படி: மென்பொருள்

இப்போது அந்த முதல் கேள்வி. புகைப்படத் திருத்தத்துக்கு கிம்ப். 2025இல் வந்த 3.0 பதிப்பில் வடிகட்டிகளை அடுக்கை அழிக்காமல் பூசிப் பிறகு திருத்த முடிகிறது. முன்பு கிம்ப்பை முயன்று கைவிட்டவர்கள் இதற்காகவே மறுபடி பார்க்கலாம். கையால் வரைபவர்களுக்கு கிரிட்டா. திசையன் படங்களுக்கு இங்க்ஸ்கேப். புத்தகம், துண்டறிக்கை, அச்சுக்கான பிடிஎஃப் ஆகியவற்றுக்கு ஸ்க்ரைபஸ். அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கே நிறங்களை முறையாகக் கையாண்டு, அச்சகங்களுக்கான பிடிஎஃப்/எக்ஸ் வடிவில் தருவதால், இங்க்ஸ்கேப்பில் வரைந்ததையும் அச்சுக்கு இதன் வழியாகவே அனுப்புங்கள்.

இடைமுகம் வடிவமைக்கும் ஃபிக்மா உலாவியில் ஓடும். அதன் கணினிச் செயலியும், உங்கள் கணினி எழுத்துருக்களை அதற்குக் காட்டும் துணை நிரலும் விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டுமே அதிகாரபூர்வமாக உள்ளன என்பதை மனத்தில் வையுங்கள். பென்பாட் அதற்கு ஒரு திறந்த மாற்று.

விண்டோஸ் நிரல்களை ஓட்ட உதவும் ஒயின் வழியாக போட்டோஷாப்பை லினக்ஸுக்குள் ஓட்டும் குறிப்புகள் நிறையக் கிடைக்கும். ஆர்வத்துக்காகச் செய்து பார்க்கலாம். கெடு உள்ள வேலையை அதன் மேல் வைக்காதீர்கள். வாடிக்கையாளர் பிஎஸ்டி அடுக்குகளோடுதான் வேண்டும் என்றால், பழைய இயங்குதளத்தில் நுழைந்து செய்து கொடுத்துவிட்டு வருவதில் எந்தக் குறையும் இல்லை.

ஏழாம் படி: முடிந்துபோன வேலை ஒன்றைத் திரும்பச் செய்தல்

நடப்பு வேலையோடு தொடங்க வேண்டாம். ஏற்கெனவே கொடுத்து முடித்த ஒரு சிறு வேலையை எடுத்து, புதிய கணினியில் வெற்றுப் பக்கத்திலிருந்து இறுதி பிடிஎஃப் வரை செய்யுங்கள். பழைய பிடிஎஃப்பையும் புதியதையும் அருகருகே திறந்து வரி முறிவு, எழுத்துரு, நிறம், பக்க விளிம்பு நான்கையும் ஒப்பிடுங்கள். அச்சு வேலை என்றால் ஒரே அச்சுப்பொறியில் இரண்டையும் எடுத்துப் பாருங்கள். திரையில் தப்பிய வேறுபாடு தாளில் பிடிபடும்.

இரண்டும் ஒத்துப்போன பிறகு, கிம்ப், கிரிட்டா, இங்க்ஸ்கேப் மூன்றின் அமைப்புகளையும் சேமித்து வையுங்கள். ஹோம் கோப்புறையில் கண்ட்ரோல் விசையுடன் எச் அழுத்தினால், புள்ளியில் தொடங்கும் மறைந்த கோப்புறைகள் தெரியும். தூரிகைகள், குறுக்குவிசைகள், வார்ப்புருக்கள் எல்லாம் அவற்றுக்குள்தான் இருக்கின்றன. வெளி வன்வட்டில் அவற்றுக்கும் ஒரு பிரதி இருந்தால், நாளைக்கு வேறு கணினிக்குப் போக நேர்ந்தாலும் ஐந்தாம் படியில் இந்த நிரல்களுக்குள் அமைத்த குறுக்குவிசைகளைத் திரும்ப அமைக்க வேண்டியதில்லை.