ராக்கெட் திரும்பி வந்து நிற்பதைப் பார்த்துத் தப்புக்கணக்கு போடாதீர்கள்

2015 டிசம்பரில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் பால்கன் 9 ராக்கெட்டின் முதல் அடுக்கு (தரையிலிருந்து தூக்கிவிட்டு, வேலை முடிந்ததும் கழன்றுகொள்ளும் கீழ்ப்பகுதி) அமெரிக்காவின் கேப் கனாவரலில் திரும்பி வந்து செங்குத்தாக நின்றது. அன்றிலிருந்து ஒரு கேள்வி ஓயவே இல்லை. முழு ராக்கெட்டையும் ஒரே துண்டாகச் சுற்றுப்பாதைக்கு அனுப்பி அப்படியே இறக்கினால் என்ன, எதற்கு அடுக்கடுக்காகக் கழற்ற வேண்டும்? அருமையான கேள்வி. ஆனால் பதில் தேடும்போது பலரும் வழக்கமான சில இடங்களில் சறுக்கிவிடுகிறார்கள்.

உயரத்தையும் சுற்றுப்பாதையையும் ஒன்றாக எண்ணுவதுதான் அதில் முதலாவது. அதே ஆண்டு நவம்பரில் புளூ ஆரிஜின் நிறுவனத்தின் நியூ ஷெப்பர்ட் ராக்கெட் சுமார் 100 கி.மீ. உயரம் போய்த் தரையிறங்கியது. பெரிய சாதனைதான். ஆனால் அது நேராக மேலே போய் நேராகக் கீழே வரும் ராக்கெட். சுற்றுப்பாதையில் நிலைக்க நொடிக்கு ஏறக்குறைய 7.8 கி.மீ. பக்கவாட்டு வேகம் வேண்டும். ஒரு கிலோ பொருளை 400 கி.மீ. உயரத்துக்குத் தூக்க ஆகும் ஆற்றலைப் போல எட்டு மடங்கு, அந்த உயரத்தில் அது சுற்றுவதற்கான வேகத்தைக் கொடுக்கவே தேவை. அதனால் ஒரு ராக்கெட் 'விண்வெளியைத் தொட்டது' என்ற செய்தியைப் படித்தால், எவ்வளவு வேகத்தில் என்று கேளுங்கள்.

அடுத்தது எடைக் கணக்கு. இதை நிதானமாகப் பார்க்க வேண்டும். காற்றின் தடை, புவியீர்ப்பால் வரும் இழப்பு எல்லாம் சேர்த்தால் ராக்கெட் நொடிக்கு 9 கி.மீ.க்கு மேல் வேகம் தரும் திறனோடு கிளம்ப வேண்டும். ராக்கெட்டின் வேகத்தையும் எரிபொருள் எடையையும் இணைத்து 1903-இல் ரஷ்ய அறிஞர் சியோல்கோவ்ஸ்கி வெளியிட்ட சமன்பாட்டில் இதைப் போட்டுப் பாருங்கள். மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரிக்கும் 100 டன் ஒற்றை அடுக்கு ராக்கெட்டில் சுமார் 95 டன் அந்த இரண்டுமே. மிச்சம் 5 டன். தொட்டி, எஞ்சின், குழாய்கள், மின்னணுக் கருவிகள், செயற்கைக்கோள் எல்லாம் அந்த ஐந்துக்குள் அடங்க வேண்டும். திரும்பி வர வெப்பக் கவசம், கால்கள், இறங்குவதற்கான எரிபொருள் வேண்டுமா? அதுவும் அதே ஐந்திலிருந்துதான். திரவ ஹைட்ரஜனுக்கு மாறினால் மிச்சம் சுமார் 12 டன்னாகக் கூடும். ஆனால் ஹைட்ரஜன் மிக லேசானது, தொட்டி பிரம்மாண்டமாகிவிடும், கிடைத்த லாபத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும்.

இங்கேதான் அடுக்குகளின் அருமை தெரிகிறது. முதல் அடுக்கு பாதி வழியில் கழன்றுவிடுவதால், அதில் ஒரு கிலோ கூடினால் சுமையில், அதாவது ஏற்றிச்செல்லும் செயற்கைக்கோளின் எடையில், குறைவது அந்தக் கிலோவின் ஒரு சிறு பங்குதான். ஒற்றை அடுக்கில் ஒரு கிலோ கூடினால் சுமையில் முழு ஒரு கிலோ போச்சு. பால்கன் தன் முதல் அடுக்கில் கால்களைக் கட்டிக்கொண்டு போக முடிவது இதனால்தான். அதோடு அந்த அடுக்கு நொடிக்கு 2 கி.மீ. வாக்கில் பிரிந்து திரும்புகிறது. சுற்றுப்பாதையிலிருந்து வருவதென்றால் ஒவ்வொரு கிலோவும் அதைப்போல 15 மடங்கு இயக்க ஆற்றலோடு வரும். செங்குத்துத் தரையிறக்கம் வென்றது அடுக்குகளைக் கைவிட்டதால் அல்ல, வைத்துக்கொண்டதால்.

ஒற்றை அடுக்கு போதும் என்பதற்கு டிசி-எக்ஸ் என்ற அமெரிக்கச் சோதனை ராக்கெட்டைச் சான்றாகக் காட்டுபவர்களும் உண்டு. 1993-இல் நியூ மெக்ஸிகோவின் ஒயிட் சாண்ட்ஸில் பறந்த அந்த 12 மீட்டர் ராக்கெட் எனக்கு மிகப் பிடித்தது. 1996-இல் 26 மணி நேர இடைவெளியில் மறுபடி பறந்து காட்டியது. அதே ஆண்டு ஜூலையில் ஒரு கால் விரியாமல் சாய்ந்து எரிந்துபோனது. அது எட்டிய அதிகபட்ச உயரம் சுமார் 3 கி.மீ. தரையிறங்கும் வித்தையையும் விரைவாகத் தயார்செய்யும் முறையையும் அது நிரூபித்தது. சுற்றுப்பாதை பற்றி எதையும் நிரூபிக்கவில்லை.

இதற்கு நேர் எதிரான தவறு, 'ஒற்றை அடுக்கு இயற்பியல்படி முடியவே முடியாது' என்று அடித்துச் சொல்வது. அப்படியில்லை. 1960-களின் அமெரிக்க ராக்கெட்டான டைட்டன் 2-இன் முதல் அடுக்கு, கணக்குப்படி, சுமையில்லாமல் தனியாகவே சுற்றுப்பாதையை எட்டக்கூடியது. போவது பிரச்சினையில்லை. சுமையோடு போய் முழுசாகத் திரும்புவதுதான் பிரச்சினை. அதை நோக்கிப் போன நாசாவின் எக்ஸ்-33 திட்டத்தில், எடையைக் குறைக்கக் கூட்டிழைப் பொருளால் (காம்போசிட்) செய்த ஹைட்ரஜன் தொட்டி 1999 சோதனையில் பிளந்தது. 2001-இல் திட்டமே கைவிடப்பட்டது.

சரி, தரையிறங்கும் காட்சிக்கு வருவோம். பால்கன் மிதந்து வந்து அமர்வதுபோலத் தெரியும். உண்மையில் அதனால் மிதக்கவே முடியாது. ஒன்பது எஞ்சினில் ஒன்றை மட்டும், அதையும் முடிந்தவரை குறைத்து எரித்தால்கூட, காலியான அடுக்கின் எடையைவிட உந்துவிசை அதிகம். தாமதித்துப் பற்றவைத்தால் தரையில் மோதும், முந்திவிட்டால் பாதி வழியிலேயே நின்று மறுபடி மேலே கிளம்பும். வேகம் பூஜ்யமாகும் நொடியும் கால் தரையைத் தொடும் நொடியும் ஒன்றாக இருந்தாக வேண்டும். 'பாராசூட் போதுமே' என்பவர்களுக்கு: 2010-இல் பால்கன் 9-இன் முதல் இரண்டு பயணங்களில் அதைத்தான் நம்பினார்கள். பாராசூட் விரிவதற்குள் அடுக்கு காற்றில் சிதறிவிட்டது.

அப்புறம், திரும்ப வந்தாலே செலவு குறையும் என்பதும் தவறு. அமெரிக்க விண்வெளி ஓடங்கள் (ஸ்பேஸ் ஷட்டில்) 135 முறை பறந்தன. ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான வெப்ப ஓடுகளைச் சோதித்துச் சரிசெய்வதிலேயே காலமும் பணமும் கரைந்தன. அடுத்த பயணத்துக்கு முன் எத்தனை பேர் எத்தனை நாள் வேலை பார்க்கிறார்கள் என்பதுதான் உண்மையான விலை.

கடைசியாக, 1969-இல் நிலவிலிருந்து அப்போலோ இறங்குகலத்தின் மேல் பகுதி ஒரே எஞ்சினில் கிளம்பியதே என்று கேட்பார்கள். அங்கே காற்று இல்லை, சுற்றுப்பாதைக்கு நொடிக்கு 1.7 கி.மீ. போதும். ஒற்றை அடுக்கு இயல்பாகப் பொருந்தும் இடம் அதுதான்.